அமுதவேணிக்கு ஒரு நாற்காலி

1

உட்கார நாற்காலி வேண்டும்.

கதையின் முதல் வரி இது. இதை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்டுவிடாதே என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது என் அம்மா பூவம்மாள். நான் வேலையில் சேர்ந்த அன்று, கம்பெனி பஸ்ஸில், பின்சீட்டுக்குக் கேட்காமல் சொன்னாள்.

“சம்பளம் பத்தலன்னு சொல்லு. சாம்பார்ல பல்லி கீதுன்னு சொல்லு. ஒண்ணியும் ஆவாது. கால் வலிக்குது, குந்தணும்னு மட்டும் வாயத் தொறந்துடாத. அன்னியோட சரி. மறுநாளு பஸ்ஸு நம்ம ஸ்டாப்புல நிக்காது.”

புதுவாயலைத் தாண்டி, கார்களுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. லைன் என்று சொல்கிற நகரும் பலகைகளுக்கு முன்னால் பெண்கள் நின்று, ஒயர்களைப் பிரித்துச் சேர்த்து டேப் சுற்றுவார்கள். பலகை நகர நகரக் கூடவே நகர வேண்டும். ஷிப்ட் முழுக்க நிற்பதுதான். உட்கார்ந்தால் வேகம் குறையுமாம். அம்மா அங்கே கேன்டீனில் தட்டுக் கழுவுகிறாள். நான் எச்.ஆர். ஆபீசில். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதற்குக் கிடைத்த பரிசு ஒரு சுழல் நாற்காலி. ஆபீசின் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன், அந்தப் பக்கம் அவர்கள் நிற்பார்கள்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அந்தக் கண்ணாடியிலிருந்து வந்தது. நிற்க வைத்து வேலை வாங்குகிறவன் உட்காரவும் இடம் தரவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. பொன்னேரிக் கல்லூரியில் அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். வாயால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எனக்குப் பதிலாகக் கேட்க ஒருத்தி தேவைப்பட்டாள். அதற்காகத்தான் அமுதவேணியைப் பிடித்தேன்.

2

அமுதவேணியைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். கருப்பு வெள்ளைக் காலத்து நடிகை. பிறந்தது ஆரம்பாக்கத்துப் பக்கம், வீட்டில் பாதித் தெலுங்கு, வைத்த பெயர் மங்கம்மா. கோஷ்டி நடனத்தில் பின்வரிசையில் ஆடி, பிறகு சில படங்களில் கதாநாயகி. திடீரென்று ஒருநாள் சினிமாவை விட்டாள். பல வருஷம் கழித்து கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பல்பு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, பெண்களைத் திரட்டிச் சங்கத் தலைவியானாள். எப்படிச் செத்தாள் என்று தெரியவில்லை. அந்தப் பல்பு கம்பெனியை இடித்த இடத்தில்தான் எங்கள் கம்பெனி நிற்கிறது.

சொன்னவர் கலியன். பல்பு கம்பெனியில் வேலை பார்த்தவர். இப்போது கூட்டுரோட்டில் பஞ்சர் ஒட்டுகிறார். அவர் சொல்வதில் பாதி புளுகு என்று எல்லாருக்கும் தெரியும். மீதியை நான்தான் எழுதவேண்டும்.

தொடக்கம் (அ): ஸ்டுடியோ விளக்குகள் அணைந்தபோது அமுதவேணியின் உதட்டில் ஒரு சோகப் புன்னகை —

[வேண்டாம். நடிகை என்றால் உடனே சோகப் புன்னகையா? யார் கற்றுக் கொடுத்தது எனக்கு இதை?]

தொடக்கம் (ஆ): கடைசி வளையலையும் விற்றுவிட்டு அவள் பஸ் ஏறிய —

[பொய். விற்றாளோ இல்லையோ. விழுந்த நடிகையைப் பார்க்க உங்களுக்கு ஆசை. நான் அதற்கு ஆள் இல்லை.]

தொடக்கம் (இ): படப்பிடிப்பில் ஒரே ஒரு நாற்காலி. முதுகில் அவள் பெயர் எழுதியிருந்தது. பின்வரிசைப் பெண்கள் காலையிலிருந்து சலங்கையோடு நின்றார்கள். ஒருத்தி மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து மறுபடி நிறுத்தினார்கள். அமுதவேணி தலையிலிருந்த அட்டைக் கிரீடத்தைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். “இது உட்காரட்டும்” என்றாள். தயாரிப்பாளர் ஓடிவந்து, உனக்குத்தானம்மா நாற்காலி போட்டிருக்கிறோம் என்றார். “எங்க ஊரில் செத்த பிறகுதான் எங்களை நாற்காலியில் உட்கார வைப்பார்கள். நான் இன்னும் சாகவில்லை” என்றாள்.*

* இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: எங்கள் தெருவில் செத்தவர்களைக் குளிப்பாட்டி, தாடையைக் கட்டி, மாலை போட்டு, வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார வைப்போம். என் தாத்தா முனுசாமி ஆயுசுக்கும் ரெட்டியார் வயலில் குனிந்தவர். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

இந்தக் காட்சி முழுக்க என் கற்பனை. கலியன் இதைச் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன். யாருக்கும் காட்டவில்லை. இதை நீங்கள் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

3

எனக்கே அவள்மேல் சந்தேகம் இருந்தது. கதாநாயகி ஒருத்தி பின்வரிசைக்காரிகளுக்காகப் பிழைப்பைக் கெடுத்துக்கொள்வாளா? நான் கெடுத்துக்கொள்வேனா? அந்தக் காட்சியை அடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் லைன் நின்றது.

லைன் நின்றால் எங்கள் ஆபீசில் முதலில் காதுக்குத்தான் தெரியும். கன்வேயர் சத்தம் போய்விடும். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மெர்சி பலகையை விட்டு விலகி, நடு வழியில் நின்றாள்.

மெர்சி கவரைப்பேட்டைப் பக்கத்துப் பெண். வாயாடி. அடுத்த மாதம் இம்மானுவேலோடு கல்யாணம். லைன் முழுக்கப் பத்திரிகை வைத்திருந்தாள். ஆனால் அன்று நின்றது மெர்சி மாதிரி இல்லை. முகத்தை மெல்ல மேலே தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். எதையோ தேடுகிறாள் என்று நினைத்தேன். டியூப்லைட்டின் வெளிச்சம் நேராகக் கன்னத்தில் விழும் இடம் வந்ததும் நின்றுவிட்டாள். வெளிச்சத்தில் நிற்கத் தெரிந்தவள் நிற்கிற நிலை அது.

தலையில் போட்டிருந்த கம்பெனித் தொப்பியைக் கழற்றினாள். சூப்பர்வைசரின் நாற்காலியில் வைத்தாள்.

“இது உட்காரட்டும்” என்றாள்.

மெர்சி வாயில் ‘ழ’ வராது. ‘வாயப்பயம்’ என்பாள். அன்று ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி, பழைய படத்தில் பேசுகிற மாதிரிப் பேசினாள். என் கை மவுஸின்மேல் இருந்தது. என் கதையைத் திறந்து அந்த வரியைப் பார்த்தேன்.

4

இங்கே உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் பெண்களுக்குச் சாமி வருவது புதுசு இல்லை. வந்தால் பூசாரியைக் கூப்பிடுவார்கள். பூசாரி தேசப்பன். ஆயுத பூஜைக்கும் அவர்தான், பேய்க்கும் அவர்தான். வந்தது யார், என்ன வேண்டும் என்று கேட்பார். கோழி, சிவப்புப் புடவை, சுருட்டு, இப்படி ஏதாவது கேட்கும். கொடுத்தால் போய்விடும். லைன் ஓடும்.

எச்.ஆர். மேனேஜர் ஜெகன் சார் சென்னையில் பெரிய படிப்புப் படித்தவர். முதலில், “டிராமா. தண்ணி தெளிங்க” என்றார். ஆனால் ஒரு பெண்ணும் பலகையைத் தொடவில்லை. லைன் நின்றால் மேலிடத்துக்குப் பதில் சொல்லவேண்டியது அவர். தேசப்பன் வந்தார்.

“யாரும்மே நீ? இன்னா பேரு?”

“வேணி.”

“இன்னா வோணும்? கோழியா, பொடவையா? வாங்கிக்கினு போய்க்கினே இரு. ஏற்கெனவே பேஜாரு இங்க.”

“முதலில் சத்தியம். பிறகுதான் கேட்பேன்.”

தேசப்பன் முகம் மாறியது. திரும்பி, “சார், நீங்கதான் பண்ணணும். மொதலாளி மாரி நீங்கதான கீறீங்கோ” என்றார்.

“ஒரு கோழிக்கு இவ்ளோ பில்டப்பா?” என்று ஜெகன் சார் சிரித்தார். மெர்சியின் உள்ளங்கையில் சூடம் வைத்துக் கொளுத்தினார்கள். ஒயர் குவிந்த இடத்தில் நெருப்பு என்பதால் சேஃப்டி ஆள் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். கேட்டதைத் தருகிறேன் என்று சொல்லி ஜெகன் சார் சூடத்தை அடித்து அணைத்தார். அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உட்கார நாற்காலி வேண்டும். நிற்கிற எல்லாருக்கும்.”

ஜெகன் சார் சிரிப்பை நிறுத்தினார்.

“எங்க ஊரில் செத்த பிறகுதான் எங்களை நாற்காலியில் உட்கார வைப்பார்கள்” என்றது மெர்சியின் வாய். “நான் இன்னும்” என்று ஆரம்பித்து, முடிக்காமல் நின்றது. கண்கள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தன.

பிறகு மெர்சி விழுந்தாள்.

5

சத்தியம் பண்ணியாகிவிட்டது. எங்கள் ஆட்களிடம் எதை வேண்டுமானாலும் ஏமாற்றலாம். சூடம் அடித்துப் பண்ணின சத்தியத்தை மட்டும் மறக்க மாட்டார்கள். கம்பெனியும் மறக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நாற்காலி வந்தது.

ஒரே ஒரு நாற்காலி. கைப்பிடி வைத்தது, சிவப்புத் துணி போட்டது. லைன் முனையில் மேடை கட்டி வைத்தார்கள். நாற்காலியில், பல்பு கம்பெனி வேணிதான் வந்தது என்று ஊர்ப் பெண்கள் சொன்னதால், இணையத்திலிருந்து எடுத்த அமுதவேணியின் படம், சட்டம் போட்டு, சம்பங்கி மாலையோடு. சுற்றி சீரியல் விளக்கு. யாரும் கிட்டப் போகாமலிருக்க மஞ்சள் டேப். “கேட்டது கொடுத்தாச்சு” என்று ஜெகன் சார் மைக்கில் சொன்னார். ஷிப்ட் ஆரம்பத்தில் எல்லாரும் செருப்பை விட்டுவிட்டு அதைக் கும்பிட்டார்கள். பிறகு அதற்கு முன்னாலேயே நாள் முழுக்க நின்றார்கள்.

அன்று பஸ்ஸில் அம்மா சொன்னாள்: “நல்லா குந்திக்கினு கீது. அது மட்டும்.”

“நீயும் கும்பிட்டுட்டுத்தான வந்த?”

“கும்பிடாம? உன்னியாட்டம் மொறைக்கச் சொல்றியா?”

“உன் கால் இன்னா சொல்லுது?”

“அது சொல்றதெல்லாம் கேட்டுக்கினு இருந்தா உன்னிய எப்டிடி படிக்க வெச்சிருப்பேன்?”

மாலை போட்ட படமும் நாற்காலியும். நான் எழுதியதைக் கம்பெனி அப்படியே செய்துவிட்டது. செத்தவளை உட்கார வைத்துவிட்டது.

6

(இந்தப் பகுதியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சேர்த்தால் என்னைப் பைத்தியம் என்பீர்கள். என்றால் என்ன?)

கலியனிடம் போனேன். எதையும் எடுத்துக் கொடுக்காமல் கேட்டேன்: “அந்தம்மா நாற்காலியப் பத்தி எதுனா சொல்லுவாங்களா?”

“சொல்லாம? மீட்டிங்குக்கு மீட்டிங் அதான். செத்தாத்தான் நம்பள குந்த வெப்பானுங்கோன்னு. கம்பெனி கேட்டு முன்னாடி நின்னுக்கினு கத்தும் பாரு, அப்டியே புல்லரிக்கும். இன்னா பாப்பா, உனுக்கு வேர்த்து ஊத்துது?”

“போன வாட்டி கேட்டப்ப இதச் சொல்லலியே?”

அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வந்த இடத்தில் விரலை வைத்தபடி யோசித்தார். “ஆமா பாப்பா. போன வாட்டி ஞாபகம் இல்ல. இப்பத்தான் வந்துக்குது. நேத்துகூட இல்ல இது.”

திரும்பி வந்து சோதித்துப் பார்த்தேன். அமுதவேணிக்குத் தாகம் எடுத்தால் பன்னீர் சோடாதான் கேட்பாள் என்று ஒரு வரி எழுதினேன். காரணமே இல்லாத வரி. மறுநாள் மெர்சி ஆபீஸ் வாசலில் நின்றாள்.

“மேடம், இங்க எங்கனா பன்னீர் சோடா கெடைக்குமா? எனுக்கு அந்த நாத்தமே ஆவாது. காலைலேருந்து நாக்கு கேட்டுக்கினே கீது.”

அந்த வரியை அழித்தேன். எழுதுவதை நிறுத்தினேன். நிறுத்தினால் அவளை விட்டுவிடும் என்று நினைத்தேன். அதன்பிறகு நடந்ததுதான் மோசம். தினமும் அதே நேரத்துக்கு மெர்சி நாற்காலிக்கு எதிரே போய் நின்று, வெளிச்சத்துக்கு முகத்தைத் தூக்கி, வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உதடு அசையவில்லை. வசனத்துக்குக் காத்திருக்கிறவள் மாதிரி வாயைத் திறந்தபடியே நின்றாள். பக்கத்துப் பெண்கள் அவள் தோளைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்து பலகைமுன் விடுவார்கள்.

“கனவுல இன்னாவோ மறந்துட்டா மாரி கீது மேடம்” என்று என்னிடம் வந்து அழுதாள். “ஞாயித்துக்கெயம சர்ச்சுல என் தலைல கை வெச்சு ஜெபம் பண்ணாங்கோ. இம்மானுவேல் அம்மா பாத்துக்கினே இருந்துச்சு. கல்யாணத்தத் தள்ளிப் போடலாமான்னு கேக்குதாம். நான் இன்னா மேடம் தப்புப் பண்ணேன்?”

ஒரு தப்பும் இல்லை மெர்சி. எனக்கு ஒரு வாய் தேவைப்பட்டது. உன்னுடையது கிடைத்தது.

7

இன்று காலை ஜெகன் சார் கூப்பிட்டார்.

“உக்காரும்மா.”

உட்கார்ந்தேன். மேஜையில் என் கதை, அச்செடுத்து வைத்திருந்தார். ஒரு கையை மூடியே வைத்திருந்தார். சூடம் அடித்த கை.

“கம்ப்யூட்டர் கம்பெனிது. அதுல இருக்கறது எல்லாம் எனக்கு வரும். நீ எழுதுற, அவ நடிக்கிறா. ரெண்டு பேரும் சினிமாவுக்கே போலாம்.”

“அவளுக்கு நான் காட்டவே இல்ல சார்.”

“அப்ப பேய் வந்து உன் ஃபைலப் படிச்சுதா?”

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“கோபப்படல. முடிவையும் நீயே எழுதிடு” என்றார். குரல் கனிவாக இருந்தது. “‘எனக்கு நாற்காலி கிடைத்துவிட்டது, மனசு நிறைந்துவிட்டது, போகிறேன்.’ அவ்ளோதான். எல்லார் எதிர்லயும் அவ இதைச் சொல்லட்டும். அவ கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும். உன் வேலை பர்மனென்ட். உங்கம்மா கேன்டீன்ல இருக்கட்டும்.”

“எழுதலன்னா?”

“அவளுக்குப் பைத்தியம்னு எழுதி அனுப்பிடுவேன். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாம இருக்குமா? உன்னையும் உங்கம்மாவையும் பத்தி நான் சொல்லவே வேண்டாம், நீ படிச்ச பொண்ணு.” எழுந்தார். “நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள அடிச்சு வை.”

8

இப்போது மத்தியானம். என் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முடிவுகள் கையில் இருக்கின்றன.

முடிவு ஒன்று: “எனக்கு நாற்காலி கிடைத்துவிட்டது. மனசு —

[இவ்வளவு அடித்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மெர்சி டேப்பைக் கையிலேயே பிடித்தபடி நின்றுவிட்டாள். முகம் வெளிச்சத்துக்கு எழுந்தது. உதடு அசைந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அழிக்க அழிக்க அவள் முகம் கீழே இறங்கியது. மறுபடி டேப் சுற்றினாள்.]

இந்த முடிவு அவளைக் காப்பாற்றும். நிச்சயமாகக் காப்பாற்றும். அமுதவேணி போய்விடுவாள், கல்யாணம் நடக்கும். நாற்காலி மட்டும் மாலையோடு அங்கேயே இருக்கும், மெர்சி கல்யாணமாகி வந்து, பிள்ளை வயிற்றோடு, அதற்கு முன்னால் நிற்பாள்.

முடிவு இரண்டு: அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் பலகைகளை விட்டுவிட்டுத் தரையில் —

[வேண்டாம். எழுதினால் நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நடந்தால் அது அவர்கள் செய்ததாகாது. என் விரல் செய்ததாகும். அவர்களைப் பொம்மையாட்ட நானும் வேண்டுமா, ஏற்கெனவே கம்பெனி ஆட்டுவது போதாதா?]

முடிவு மூன்று: ஜெகன் சார் மனம் மாறி எல்லாருக்கும் நாற்காலி வாங்க —

[எழுதிப் பார்த்து அழித்தாகிவிட்டது, சற்றுமுன். அவர் வாயில் எது வைத்தாலும் ஒட்டவில்லை.]

நான்காவதாக ஒன்று இருக்கவேண்டும் என்று நினைப்பீர்கள். நானும் தேடினேன். அமுதவேணிக்கு இன்னொரு வசனம், இன்னும் கூர்மையாக, இன்னும் அழகாக. எழுதத் தெரியும் எனக்கு. ஆனால் அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்த பார்வையை நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். மிச்ச வசனத்தைக் கொடு என்று கேட்கிறாள் என்றல்லவா நினைத்தேன்? ‘நான் இன்னும்’ என்று நிறுத்தினாளே, அதற்கு மேல் ஒரு நடிகை சொல்ல வேண்டியது இல்லை. கேட்க வேண்டியவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். உயிரோடிருக்கிற ஒருத்தி தன் வாயால் கேட்டுவிட்டால் செத்தவளுக்கு மெர்சியின் வாய் எதற்கு?

அப்படித்தான் இருக்கும் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. மெர்சியை அமுதவேணி விடாமலும் போகலாம். நாளை பஸ் எங்கள் ஸ்டாப்பில் நிற்காமல் போகலாம், அம்மாவுக்கும் சேர்த்து. வேலை போன படித்த பெண்ணை எங்கள் தெரு என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். பேசட்டும்.

ஜெகன் சார், சாப்பிட்டு வந்து முதலில் நீங்கள்தான் இதைப் படிப்பீர்கள். நீங்கள் கேட்ட வரி இதில் இல்லை. இதற்குமேல் யாருக்கும் நான் வசனம் எழுதப் போவதில்லை. முடிவை உங்களுக்கும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் விட்டுவிட்டேன். என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் விரலுக்கு எது நடக்கும், எது நடக்காது என்று எனக்குத் தெரியாது.

மைக் லைன் முனையில் இருக்கிறது. கன்வேயர் சத்தத்தில் அது இல்லாமல் காது கேட்காது. எழுந்துவிட்டேன், நின்றுகொண்டேதான் இதை அடிக்கிறேன். திரையை அணைக்கவில்லை. படித்துக்கொண்டிருங்கள், போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.